சத்தமில்லாத கியர்

வல்லம் வடகால்
8 டிசம்பர் 2024

அன்பு மகன் ராஜசேகருக்கு,

உன் நைனா தணிகாசலம் வாயால் சொல்ல, உன் மகள் தென்றல் எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு நோவில்லாமல் இருக்கிறோம். உன் ராணுவ முகாம் மேட்டில் பனி விழத் தொடங்கிவிட்டதா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. ஏப்ரல் வரைக்கும் அங்கே போன் டவர் கிடையாது என்று நீ சொன்னதிலிருந்து, தபால்காரர் மோகனின் வண்டிச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தென்றலுக்குக் கை மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். அக்டோபர் மழையில் கம்பெனி ரோட்டு வளைவில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப்போய் அவள் சைக்கிளோடு சேற்றில் சறுக்கி விழுந்ததை உனக்கு ஒருதரம் சொன்னேன், மறுபடி வேண்டாம். மார்ச் ஒன்பதாம் தேதி மாநில சைக்கிள் அணிக்கான தேர்வுப் போட்டி. முதல் ஆறு பேருக்குள் வந்தால் அணியில் இடம். அணியில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி. இருபத்தொரு வயசுப் பெண் அதற்காக ராத்திரி பகல் பார்க்காமல் மிதிக்கிறாள்.

கூடத்தில் இருக்கும் மெஷின் உனக்குத் தெரியும். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பாளே, அதுதான். அதில் இப்போது ஒரு மாற்றம். முன்பெல்லாம் பின்னால் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். அவள் கியர் மாற்றினால் சங்கிலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், டக் என்று கேட்கும். இப்போது அடுக்கைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பல்சக்கரம் போட்டிருக்கிறாள். கைப்பிடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பட்டன். அதை அமுத்தினால் கம்ப்யூட்டர் பலகையில் நம்பர் மாறுகிறது, காலுக்குக் கனம் மாறுகிறது. சங்கிலி இருந்த இடத்திலேயே ஓடுகிறது. சத்தமே இல்லை.

“பல்லு மாறாம கியர் எப்படிம்மா மாறும்?” என்று கேட்டேன். “அது கணக்குல மாறுது தாத்தா” என்கிறாள். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன் நான். எழுத்து தெரியாது, கியர் தெரியும். இது எனக்குப் பிடிபடவில்லை. ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருக்கிறவன் நீ, உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். நல்லபடியாக இரு.

உன் நைனா,
தணிகாசலம்

தாத்தா இன்னும் ஏதேதோ சொன்னார் அப்பா. தாளில் இடம் இல்லை. — தென்றல்

*

27 டிசம்பர் 2024

அன்புள்ள நைனாவுக்கு ராஜசேகர் வணங்கி எழுதுவது.

கடிதம் வந்தது. எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் காலையில் எழுந்ததும் முரண்டு பிடிக்கும், வெயில் வந்தால் வழிக்கு வந்துவிடும். உங்கள் இருமல் எப்படி? தென்றல் சரியாகச் சாப்பிடுகிறாளா?

மெஷின் விஷயம் கேட்டீர்கள். அதற்கு வர்ச்சுவல் ஷிஃப்டிங் என்று பேர். சங்கிலி நகராது. மெஷினுக்குள் இருக்கும் காந்தம் காலுக்கு எதிர்ப்பைக் கூட்டும், குறைக்கும். ஏமாற்று வேலை இல்லை நைனா, நல்ல விஷயம்தான். சங்கிலி தேயாது, வீட்டில் சத்தம் இருக்காது, எத்தனை கியர் வேண்டுமோ அத்தனை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சாலையில் காந்தம் கிடையாது. அங்கே பிரேக்கோடு சேர்ந்திருக்கும் லீவரை விரலால் உள்பக்கமாக நன்றாகத் தள்ளினால்தான் சங்கிலி தாவும். தாவும் அந்த நொடியில் காலை லேசாக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி வழுக்கும். பட்டனுக்குப் பழகிய விரலும் காலும் இதை மறந்துவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது சக்கரத்தை மாட்டிக்கொண்டு அவள் சாலையில் ஓட்ட வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தை எழுதியது தென்றல்தானா? அவள் எழுத்து குண்டுகுண்டாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பழக்கம். இந்தக் கடிதத்தில் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக இடப்பக்கம் சாய்ந்து, சில இடத்தில் மை இழுபட்டிருக்கிறது. கை வலிக்கிறதா? அவளைக் கேட்டு எழுதுங்கள். இதற்கு மட்டும் பதில் தவறாமல் வேண்டும்.

வெந்நீர் குடியுங்கள். பொங்கலுக்குப் புதுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
ராஜசேகர்

*

வல்லம் வடகால்
10 ஜனவரி 2025

அன்பு மகன் ராஜசேகருக்கு,

உன் நைனா சொல்ல, தென்றல் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் சிநேகிதர்களும் நலமாக இருக்கப் பெரியபாளையத்தாளைக் கும்பிடுகிறேன்.

உன் கடிதத்தைத் தென்றல் வாசித்துக் காட்டினாள். காந்தம் என்று நீ எழுதியது விளங்கியது. இனி அதைப் பற்றிக் கவலையில்லை. நீ வாரத்துக்கு இரண்டு நாள் என்று எழுதினாய். அவள் தினமும் விடியற்காலையில் சாலைக்குப் போய் வருகிறாள். கியர் நன்றாக விழுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நீ உன் வேலையைப் பார். இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. பொங்கல் நல்லபடியாக நடக்கட்டும்.

உன் நைனா,
தணிகாசலம்

*

28 ஜனவரி 2025

நைனாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள், ஆனால் நீங்களே சொல்லி எழுதுங்கள்.

இரண்டாவது கடிதமும் வந்தது. அதே சாய்ந்த எழுத்து. நான் கேட்ட ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை. நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. நான் பிறந்த அன்றைக்கு வீட்டு வாசலில் நின்ற லாரியின் நம்பரைக்கூட இன்றைக்கும் சொல்வீர்கள். அப்படியிருக்க, நான் கேட்டதை எப்படி மறந்தீர்கள்? ‘சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை’ என்பது உங்கள் வாயில் வருகிற பேச்சும் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது?

ராஜசேகர்

*

வல்லம் வடகால்
10 பிப்ரவரி 2025

அன்பு மகன் ராஜசேகருக்கு,

இதை எழுதுவது எதிர்வீட்டு அமலா. பால்வாடி டீச்சர், உனக்குத் தெரியும். உன் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். நெஞ்சுச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறாயா? எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனசில்தான்.

உன் கடைசிக் கடிதத்தை மோகன் என் கையிலேயே கொடுத்தான். தென்றல் குளித்துக்கொண்டிருந்தாள். உறையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அமலா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்கிறாயா? டிசம்பர் கடிதம் இரண்டு தாள், நாலு பக்கமும் எழுதியிருந்தாய். எனக்குப் படிக்கத் தெரியாது, பக்கம் எண்ணத் தெரியும். தென்றல் அதை வாசித்தபோது அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் முடித்துவிட்டாள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியில் இருந்த அந்தக் கடிதத்தையும் எடுத்துவந்து இரண்டையும் அமலாவை வாசிக்கச் சொன்னேன்.

கையெழுத்தைப் பற்றி நீ கேட்டது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் தினமும் சாலையில் ஓட்டுகிறாள் என்று நான் சொல்லவே இல்லை. அவள் எழுதிய எழுத்து எனக்குத் தெரியாது. அவள் கை உனக்குத் தெரியாது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் எழுதியிருக்கிறாள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுது அமலாம்மா.

சைக்கிளின் பின்சக்கரம் என் கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கில் கிடக்கிறது. கட்டுப் பிரித்ததிலிருந்து ஒருநாளும் அது வெளியே வரவில்லை. சாக்கின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. கட்டுப் பிரித்த முதல் வாரம் அவள் மெஷினில் பழைய கியரோடுதான் உட்கார்ந்தாள். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டேன். அரைமணி நேரம் மிதித்தாள், ஒரு டக்கும் வரவில்லை. கடைசியில் ஒன்று வந்தது, அதுவும் பாதியில் கரகரவென்று நின்றது. அதற்கு அடுத்த வாரம்தான் பட்டன் வந்தது.

அந்தப் பட்டனை அவள் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறாள். பின் கியர் லீவர் வலப்பக்கம். ஏம்மா இந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, “எங்க வேணா ஒட்டிக்கலாம் தாத்தா, அதான் இதுல சவுகரியம்” என்றாள். லீவரை அப்படிப் பிடுங்கி ஒட்ட முடியாது.

சோற்றை ஸ்பூனால் தின்கிறாள். தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் தூக்குகிறாள். சட்டைப் பித்தானுக்குப் பதில் எல்லாம் தலைவழியாக மாட்டுகிற பனியனாகிவிட்டது. நாகரிகம் என்று நினைத்து நான் கேலி செய்துகொண்டிருந்தேன் ராஜசேகரு.

கியரைவிட இன்னொன்று இருக்கிறது. அந்த லீவரும் பிரேக்கும் ஒரே பிடி. வலக்கை பிடிப்பது முன்சக்கரத்தின் பிரேக். லீவரைத் தள்ள முடியாத விரல் பிரேக்கை எப்படி இறுக்கும்? மெஷினில் பிரேக் வேண்டாம். மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். அதனால்தான் வீட்டுக்குள் அவள் புலி மாதிரி ஓட்டுகிறாள். மார்ச் ஒன்பதாம் தேதி முப்பது பெண்கள் சக்கரத்துக்குச் சக்கரம் உரசிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கப் போகிறார்கள்.

எனக்குக் கொம்பையா ஞாபகமாகவே இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள், எங்கள் ஷெட்டில் டிரைவர். வலது பாதம் மரத்துப்போனதை மறைத்துக்கொண்டு ஓட்டினான். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசம், மணிமங்கலம் போகிற வழியில் இருந்த எங்கள் ஷெட்டில், மெக்கானிக் மாரியின் இரண்டு காலும் போனது அவனால்தான். அதற்குமேல் இப்போது வேண்டாம்.

அவளை நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்பாள். அந்த ஒரு இல்லைக்குப் பிறகு நான் மறுபடி கேட்க முடியாது. அவளும் அதைக் காப்பாற்றுவதற்காகவே சாலையில் இறங்கிவிடுவாள். சைக்கிளைப் பூட்டட்டுமா? உன் பதிலை அமலா வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு வேறு யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் நைனா,
தணிகாசலம்

*

ஸ்ரீபெரும்புதூர்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தென்றல் எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? உங்கள் யூனிட்டில் எல்லாரும் நலமா? கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தேன், அப்படியே உங்களுக்கும் டைப் செய்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்தைவிட இது படிக்கச் சுலபம்.

பயிற்சி நன்றாகப் போகிறது. இருபது நிமிஷப் பரீட்சையில் போன வருஷத்தைவிட வேகம் கூடியிருக்கிறது. எண்களெல்லாம் பலகையில் பதிவாகியிருக்கின்றன, நீங்கள் வந்ததும் காட்டுகிறேன். பட்டன் கியருக்கும் நிஜக் கியருக்கும் கால் வித்தியாசம் பார்க்காது அப்பா. கால்தானே ஓட்டுகிறது?

தாத்தாவுக்கு வயசாகிறது. சின்ன விஷயத்தைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறார். ஏதாவது எழுதினால் கவலைப்படாதீர்கள். அம்மா போனதிலிருந்து இந்த ஒரு போட்டிக்காகத்தான் ஆறு வருஷம் மிதித்திருக்கிறேன். இன்னும் மூன்று வாரம். அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.

ஸ்வெட்டரை மேலே போடாமல் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
தென்றல்

*

24 பிப்ரவரி 2025

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதமும் தென்றலுடையதும் ஒரே மூட்டையில் நேற்று வந்தன. உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை, மன்னியுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளை ஓட்டவிடாதீர்கள்.

இரவிலிருந்து பேச வழி தேடிக்கொண்டிருக்கிறேன். மேட்டில் இருந்த ஒரே போன் லைனும் பனிப்புயலில் அறுந்துகிடக்கிறது. கீழே இறங்கும் பாதை மூடியிருக்கிறது. ஹெலிகாப்டர் எப்போது கிளம்புமோ அப்போது இந்தக் கடிதம் கிளம்பும். ஒன்பதாம் தேதிக்குள் உங்கள் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

சைக்கிளைப் பூட்டுங்கள். பூட்டை உடைத்தால் போட்டி நடத்துகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். என்னைத் திட்டட்டும், உங்களைத் திட்டட்டும். அவள் சிறுவயதில் விழுந்தால் அழமாட்டாள், அடிபட்ட இடத்தை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் டைப் அடித்து அனுப்பியிருக்கிறாள்.

நைனா, நீங்கள் கொம்பையாவைப் பற்றி எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் ஏதோ செய்யப்போவது மாதிரித் தெரிகிறது. தனியாக எதுவும் செய்யாதீர்கள். லைன் சரியாகி நான் பேசும்வரை பொறுங்கள்.

ராஜசேகர்

*

வல்லம் வடகால்
1 மார்ச் 2025

அன்பு மகன் ராஜசேகருக்கு,

அமலா எழுதுகிறாள். நீ எங்கே, எந்தப் பனியில் இருந்தாலும் கை கால் சுகமாக இருக்க வேண்டும்.

உன் பதில் வரவில்லை. பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. மோகன் தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறான். இன்றைக்குச் சனிக்கிழமை. அடுத்த ஞாயிறு போட்டி. இனி நான் காத்திருக்க முடியாது.

போன கடிதத்தில் கொம்பையா கதையைப் பாதியில் நிறுத்தினேன். மீதியைக் கேள். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மெக்கானிக் பிரேக் கட்டுகிறானோ, அவன்தான் வண்டி முதல்முதல் உருளும்போது அதன் முன்னால் நிற்க வேண்டும். தன் வேலைக்குத் தன் உடம்பு ஜாமீன். மாரி அன்றைக்குப் பிரேக் நன்றாகத்தான் கட்டியிருந்தான். நின்றான். வண்டியில் உட்கார்ந்தது கொம்பையா. பிரேக் சரியாக இருந்தது, பாதம்தான் சரியில்லை. மாரி இருபதடி தூரத்தில் சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

கொம்பையாவின் பாதம் மரத்திருந்தது எனக்கு முன்னமே தெரியும். ஒருவாரம் முன்பே என்னிடம் சொல்லி, யாருக்கும் சொல்லாதே, வேலை போய்விடும் என்று கையைப் பிடித்தான். நான் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷமாக இதை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது அமலா கையால் எழுதி உனக்கு அனுப்புகிறேன்.

தென்றலிடம் நேற்று, “போட்டிக்கு முன்னாடி ஒருதரம் ரோட்டுல ஓட்டிக் காட்டும்மா, பாத்துட்டு சும்மா இருக்கேன்” என்றேன். முகம் வெளுத்துப் போயிற்று. முடியாது என்று சொல்ல அவளுக்கு வழி இல்லை. “சரி தாத்தா, நாளன்னிக்குக் காலைல” என்றாள். ராத்திரி சாக்கிலிருந்து சக்கரத்தை எடுத்து மாட்டினாள். இடது கையால் மாட்டினாள். நான் தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தேன்.

நாளைக்கு ஞாயிறு, கம்பெனி பஸ் ஓடாது. கம்பெனி எஸ்டேட்டுக்குள் போகும் நேர் ரோடு காலியாக இருக்கும். அவள் வேகமெடுத்து வருகிற இடத்தில் நான் ரோட்டு நடுவில் நிற்கப்போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. காலி ரோட்டில் பிரேக் பிடிக்காவிட்டால் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்துவிடுவாள். ஆள் நின்றால் முடியாது.

அமலா எழுதுவதை நிறுத்திவிட்டு அழுகிறாள். வேண்டாம் ஐயா என்கிறாள். பயமில்லை என்று நான் சொன்னால் அது பொய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படி.

உன் நைனா,
தணிகாசலம்

*

வல்லம் வடகால்
3 மார்ச் 2025

அன்புள்ள ராஜசேகர் அண்ணனுக்கு,

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். அமலா எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு பேரும் உயிரோடு, வீட்டில் இருக்கிறார்கள். ஐயாவால் இன்றைக்கு உட்கார்ந்து சொல்ல முடியவில்லை, அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நேற்று ஆறே கால் மணிக்குப் போனோம். தென்றல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரோட்டின் கடைசிவரை போய்த் திரும்பினாள். வரும்போது வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஐயா என் கையை விட்டுவிட்டு நடந்துபோய் நடு ரோட்டில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அசையாமல்.

அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். “தாத்தா, தள்ளு” என்று கத்தினாள். ஐயா தள்ளவில்லை. வலக்கையைப் பிரேக்கில் வைத்தாள் அண்ணா. உள்ளங்கையால் அமுத்தப் பார்த்தாள், விரல் வரவில்லை. முன்சக்கரம் அதே வேகத்தில் வந்தது. இடக்கையை மட்டும் இறுக்கியதும் பின்சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே விலகிப் பாம்பு மாதிரி ஆடியது. கடைசி நொடியில் சைக்கிளை மணல் பக்கம் சாய்த்தாள். கைப்பிடி ஐயாவின் தொடையில் இடித்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

நான் ஓடினபோது அவள் எழுந்து அவரை அடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தாள். “இன்னா பைத்தியமா ஒனக்கு? செத்திருப்ப” என்றாள். ஐயா படுத்தபடியே கையை நீட்டினார். வலக்கையால் பிடித்து இறுக்கு என்றார். அவள் இடக்கையை நீட்டினாள். “அது வேணாம், இத குடு” என்றார்.

கொடுத்தாள். பெருவிரல் அவர் கையைச் சுற்றியது. மற்ற விரல்கள் சும்மா கிடந்தன. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், எனக்கு இன்னும் கேட்கிறது.

“வெரலு அங்கதான் கீது தாத்தா. ஆனா இல்ல.”

கட்டுப் பிரித்ததிலிருந்தே அப்படித்தானாம். டாக்டரிடம் சொன்னால் போட்டிக்கு விடமாட்டார் என்று சொல்லவில்லையாம். பட்டன் வந்ததும் கை வேண்டியதே இல்லை என்று நினைத்துக்கொண்டாளாம். மெஷினில் அவளுக்குக் கை இருப்பதே மறந்துபோயிருந்ததாம்.

ஐயாவுக்கு எலும்பு முறியவில்லை. தொடை முழுக்கக் கறுத்திருக்கிறது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் பெட்ரூமில் இருந்த அவருடைய வெற்றிலைப் பையை எடுக்கப் போனபோது, அவள் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

அமலா

*

வல்லம் வடகால்
23 மார்ச் 2025

அன்பு மகன் ராஜசேகருக்கு,

உன் நைனா தணிகாசலம் சொல்ல, தென்றல் இடது கையால் எழுதுவது. மெதுவாகத்தான் எழுதுகிறாள், நானும் மெதுவாகத்தான் சொல்கிறேன். என் தொடை மஞ்சளாகிவிட்டது, நடக்கிறேன். உன் பிப்ரவரிக் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பொறுங்கள் என்று எழுதியிருந்தாய். பொறுக்கவில்லை. நீ வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

சென்னையில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். முழங்கைப் பக்கத்து எலும்பு கூடும்போது நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஊசி மாதிரி எதையோ குத்தி, விரலுக்குக் கரண்ட் போகிறதா என்று பார்த்தார்கள். சின்ன விரலில் ஒன்றும் வரவில்லை, மற்றதில் லேசாகத்தான். டிசம்பரில் வந்திருந்தால் சுலபம் என்றார். இப்போது ஆபரேஷன் செய்து நரம்பை விடுவிக்கலாம், விரல் திரும்புமா என்று ஆறு மாசம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஏப்ரல் எட்டாம் தேதி ஆபரேஷன்.

ஒன்பதாம் தேதி போட்டி நடந்தது. அவள் பெயரை அவளே போய் எடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு, அங்கே அவர்கள் கிளம்புகிற நேரத்துக்கு, இவள் மெஷினில் ஏறி உட்கார்ந்தாள். பட்டனைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பழைய பல்சக்கர அடுக்கை மாட்டவைத்திருந்தாள். மாட்டியது நான், அவள் சொல்லச் சொல்ல. பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை வலப்பக்கம் உட்கார வைத்தாள். “நான் சொல்றப்ப நீ தள்ளு தாத்தா” என்றாள்.

ஒரு மணி நேரம் தள்ளினேன். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நான் தள்ளுகிற நேரத்தில் அவள் காலை லேசாக்கவில்லை, சங்கிலி பல்லில் ஏறாமல் அரைத்தது. நான் முந்தினேன், அவள் திட்டினாள். அவள் முந்தினாள், நான் திட்டினேன். லாரியில் கிளட்ச் ஒருத்தன் மிதித்து கியர் இன்னொருத்தன் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. முக்கால் மணி நேரம் போனபிறகு நாலைந்து தடவை சரியாக விழுந்தது. அதோடு அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். முன்பக்கமாகக் கவிழ்ந்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் கையை லீவரிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. என்மேல் கோபமா என்று கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். ராத்திரியில் எழுந்து விளக்கைப் போட்டு, வலக்கையை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை ராஜசேகரு. ரோட்டில் நின்றபோது இருந்த பயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இது முடிகிற பயமாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கீழே இருப்பது அவளுடையது. என்ன எழுதட்டும் என்று கேட்டாள். உனக்கு இருப்பதை எழுது என்றேன்.

உன் நைனா,
தணிகாசலம்

அப்பா, இந்தத் தடவை தாத்தா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. ராத்திரி விளக்கைப் போடுவதைக்கூட எழுதிவிட்டேன்.

அவர்மேல் கோபம் இருக்கிறது. அவர் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் நான் போட்டிக்குப் போயிருப்பேன். முன்னால் போகிற பெண்மேல் இடித்திருப்பேன். அது தெரிந்தும் கோபம் போகவில்லை.

எட்டாம் தேதி முடிந்து, கட்டுப் பிரித்து, ஒருநாள் டாக்டர் விரலை மடக்கு என்பார். அது மடங்காவிட்டால் நான் யாரைப் பார்த்து என்ன முகம் வைத்துக்கொள்வேன் என்று தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. பாதை திறந்ததும் வந்துவிடுங்கள்.

எழுதியதைத் தாத்தாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். கோபம் என்று எழுதிய இடத்தை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றார். “அப்படியே போடு.”

தென்றல்